காவலிட்ட மனையிற் கரந்த வழிகள்

குளிர்நாட்டு மனை வெப்பத்தைத் தேக்கி வைக்கும் கலம் போன்றது. வெளியே நீர் உறையும் பருவத்தில் உள்ளே 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையைப் பேணவேண்டுமாயின், வெளியேறும் வெப்பத்துக்கு ஈடான வெப்பத்தை உலை இடையறாது ஊட்டிக்கொண்டிருத்தல் வேண்டும். எவ்வளவு வெப்பம் வெளியேறுகின்றது என்பதை எரிபொருட் செலவுக் கணக்கே ஏறத்தாழக் கூறிவிடும். எவ்வழியால் வெளியேறுகின்றது என்பதை அக்கணக்குக் கூறாது. இவ்விரண்டாம் வினாவுக்கு விடை காண எழுந்த முயற்சியின் வரலாறு, சூத்திரமும் அளவையும் முரண்பட்டவிடத்து எதனை நம்புவது என்னும் பழைய வழக்கின் வரலாறுமாகும்.

வெப்பம் கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல் என்னும் மூவகையாற் செல்லும் என்பது பள்ளி மாணவரும் அறிந்ததே. சூடான பொருள் ஆறும் விதத்தைப் பற்றி நியூற்றன் 1701ஆம் ஆண்டிலே தம் பெயர் குறியாது ஒரு கட்டுரை வெளியிட்டார். திண்பொருளூடு வெப்பம் கடத்தப்படுவதைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் பூரியே 1822ஆம் ஆண்டு வெளியான தம் நூலிலே கணித முறையாற் காட்டினார். இவ்விருவருக்கும் இடைப்பட்ட காலத்தவரான றம்போட் பிரபு ஈண்டு நினைக்கத்தக்கவர். பெஞ்சமின் தொம்சன் என்னும் இயற்பெயருடைய இவர் 1753இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் பகுதியிற் பிறந்தவர். கம்பளி, மென்மயிர், இறகு முதலியவை உடற்சூட்டைக் காப்பது அவற்றின் பொருளால் மட்டுமன்று, அவற்றினிடையே அசையாது சிறைப்பட்டிருக்கும் வளியாலேயே என்று அவர் பல சோதனைகளால் நிறுவினார். அடங்கியிருக்கும் வளி காவலி. ஓடும் வளி வெப்பத்தைக் கவர்ந்து செல்லும் கள்வன். இவ்வுண்மை 18ஆம் நூற்றாண்டு முடியுமுன்பே அச்சேறியிருந்தது. அவ்வாறிருந்தும் 20ஆம் நூற்றாண்டின் கட்டடக் கலைஞர் அதன் பிற்பாதியை ஏறக்குறைய மறந்தேபோயினர் எனலாம்.

அவர்கள் கைக்கொண்ட கணிப்பு முறை எளியது. சுவர், சாளரம், கதவு, உட்கூரை ஆகிய ஒவ்வொன்றின் பரப்பையும் உள்வெளி வெப்பநிலை வேறுபாட்டாற் பெருக்கி, அப்பகுதியின் தடையால் வகுத்துக் கூட்டினால் கடத்தலால் இழக்கப்படும் வெப்பம் பெறப்படும். வளி கசிவதனால் ஏற்படும் இழப்புக்கோ, சாளரங்களையும் கதவுகளையும் சூழ்ந்த வெடிப்புகளின் நீளத்தைக் கொண்டு ஓர் உத்தேச அளவு சேர்க்கப்பட்டது. கசிவு என்றாற் சாளரமும் கதவுமே கண்முன் தோன்றின. பிறிதோர் இடம் எண்ணத்தில் எழவில்லை. கண்ணாடி நாரினாலான காவலி 1930களின் பிற்பகுதி தொடக்கம் ஐக்கிய அமெரிக்காவிற் பெருவாரியாகச் செய்யப்பட்டது. உட்கூரையின்மேல் அதனைப் பரப்பிவிட்டால் மேல்வழி அடைபட்டுவிடும் என்பதே பொதுநம்பிக்கை. எரிபொருள் மலிவாயிருந்த காலத்தில் இந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கவேண்டிய தேவையும் எவருக்கும் ஏற்படவில்லை.

அத்தேவை 1973ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் ஏற்பட்டது. அராபிய நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடைசெய்தன. சில மாதங்களுள் மசகெண்ணெயின் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. ஆயினும் விடை காணும் முயற்சி இந்நெருக்கடிக்கு ஓராண்டு முந்தியே தொடங்கியிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் 1972இல் அயலிலுள்ள ருவின் றிவர்ஸ் என்னும் புதுக்குடியிருப்பைத் தம் ஆய்வுக்களமாகத் தெரிந்துகொண்டனர். இக்குழுவின் தலைவர் றொபேட் சோக்கொலோ ஒரு பௌதிகவியலாளர். அவருடன் உழைத்த டேவிட் ஹார்ஜி அதற்கு முன்னர் ஏவுகணைப் பொறிகளில் எரிபொருள் நிலைகுலைந்து எரிவதை ஆராய்ந்தவர். வான்வெளிக்குச் செல்லும் கலத்தின் தழலை அளந்த கை, வரிசை வீடுகளின் நிலவறை உலையை அளக்க வந்தது வியப்புக்குரியதே. எனினும் அளவைக் கருவிகளைக் கையாளும் பயிற்சியே இங்கு வேண்டப்பட்டது. கட்டடத் தொழிலின் வழக்கங்களில் ஊறியவர்கள் வினவாதனவற்றை இவர்கள் வினவினர்.

ருவின் றிவர்ஸ் ஆய்வுக்கு வாய்ப்பான இடம். அங்கு ஒரே வரைபடத்தின்படி, ஒரே கட்டடக்காரராற் கட்டப்பட்ட வரிசை வீடுகள் பல இருந்தன. ஒன்றுபோல் அமைந்த வீடுகள் ஒன்றுபோல் எரிவாயுவைச் செலவிடும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் ஒரு வீட்டின் செலவு மற்றொன்றின் செலவைப்போல் இருமடங்காகவும் இருந்தது. குடியிருந்தவர் மாறியபோது வீட்டின் செலவும் மாறியது என்பதை றொபேட் சொண்டரெகர் என்பார் எடுத்துக்காட்டினார். வாழ்வோரின் பழக்கம் பெரியதொரு காரணம் என்பது இதனால் விளங்கும். ஆயினும் பழக்கத்தால் மட்டும் விளக்கமுடியாத ஒன்று எஞ்சியிருந்தது. கணிப்பு எதிர்பார்த்ததிலும் மிகுதியான வெப்பம் வீடுகளிலிருந்து எங்கோ போய்க்கொண்டிருந்தது.

தடயம் கிடைத்த இடம் கூரைவெளி. உட்கூரைக்கும் மேற்கூரைக்கும் இடையிலுள்ள, எவரும் வாழாத வெற்றிடமே இங்குக் கூரைவெளி எனப்படுகின்றது. அங்கு வைத்த வெப்பமானிகள் கணிப்புக்கு ஒவ்வாத உயர்ந்த வெப்பநிலையைக் காட்டின. இதன் பொருளை ஓர் எடுத்துக்காட்டாற் காண்பது நலம். உள்ளே 20 பாகை, வெளியே 0 பாகை எனக் கொள்க. காவலி பரப்பிய உட்கூரையின் தடை, வெறும் மேற்கூரையின் தடையைப்போல் ஒன்பது மடங்கு என்க. அங்ஙனமாயின் கூரைவெளி 2 பாகையில் நிற்றல் வேண்டும். உட்கூரையூடு வருவது 18ஐ 9ஆல் வகுத்தால் வரும் 2 பங்கு. மேற்கூரையூடு வெளியேறுவதும் 2 பங்கு. வரவும் செலவும் ஒக்கும். இனி, வெப்பமானி 8 பாகை காட்டுகின்றதெனின் நிலைமை யாது? மேற்கூரையூடு 8 பங்கு வெளியேறுகின்றது. உட்கூரையூடு வருவதோ 12ஐ 9ஆல் வகுத்தால் வரும் ஒன்றேகாற் பங்குக்குச் சற்றுக் கூடியதே. எஞ்சிய ஆறு பங்குக்கு மேற்பட்ட வெப்பம் எங்கிருந்து வந்தது? அது காவலியூடு வரவில்லை. காவலியை விலக்கி, அதன் பக்கத்தால் வந்திருத்தல் வேண்டும்.

இவ்வெண்கள் விளக்கத்துக்காகக் கொண்டவையே. ஆனால் ஜான் பேயா, கௌதம் தத் முதலியோர் 1977ஆம் ஆண்டளவில் ருவின் றிவர்ஸ் வீடுகளிற் செய்த கணக்கு இவ்வகையைச் சார்ந்ததே. கூரைவெளி வழியாக இழக்கப்படும் வெப்பம் வழக்கமான கணிப்பைப்போற் பன்மடங்காக இருக்கக் கண்டனர். வெப்பமானி பழுது, கணிப்பிற் சிறு பிழை என்று இதனை ஒதுக்கிவிடுதல் எளிது. அவ்வாறு ஒதுக்காமல் கூரைவெளிக்குள் ஏறித் தவழ்ந்து தேடியதிலேயே இவ்வாராய்ச்சியின் சிறப்பு அடங்கியுள்ளது.

தேடியவர்கள் கண்டவை மிக எளிய துவாரங்கள். நிலவறையில் நின்ற உலையின் புகைபோக்கி, வீட்டின் நடுவே ஒரு கூட்டினூடு மேலேறிக் கூரையைக் கடந்தது. புகைபோக்கியைச் சூழ்ந்த அக்கூட்டின் இடைவெளி நிலவறையிலிருந்து கூரைவெளிவரை திறந்தே கிடந்தது. அடுத்தடுத்த வீடுகளைப் பிரிக்கும் பொதுச்சுவர் உட்டுளையுள்ள சீமெந்துக் கற்களாற் கட்டப்பட்டிருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அக்கற்களின் துளைகள் சேர்ந்து குழல்களாகி, அவற்றின் வாய் கூரைவெளியிலே திறந்திருந்தது. வெளிச்சுவரன்றிப் பொதுச்சுவர் என்பதால் அதற்குக் காவலி எதுவும் இடப்படவில்லை. இருபுறமும் சூடான வீடுகள் இருக்க, அதனூடு வெப்பம் இழக்கப்படுமென எவர் கருதுவர்? வரைபடத்தில் அச்சுவர் வீட்டின் உள்ளுறுப்பு. உண்மையிலோ அது வெளியுலகுக்குத் திறந்த வாயில்.

இத்துவாரங்கள் இத்துணைத் தீங்கு விளைத்தற்குக் காரணம் அவற்றின் உயரமே. சூடான வளி அடர்த்தி குறைந்தது. குளிர்ந்த வளி கனத்தது. மாரிக்காலத்தில் வீடு முழுவதும் ஒரு புகைபோக்கியாகத் தொழிற்படுகின்றது. கீழே நிலவறை வெடிப்புகளாற் குளிர்வளி உட்புக, மேலே உள்ள துவாரங்களாற் சூடான வளி வெளித்தள்ளப்படுகின்றது. உயரமும் வெப்பநிலை வேறுபாடும் மிகுந்தோறும் இவ்வியக்கமும் மிகும். காற்று வீசாத இரவிலும், சாளரமெல்லாம் இறுக மூடியிருந்தபோதும் அது நிற்பதில்லை. வீட்டின் நடுப்பகுதியில் உள்ளும் புறமும் அமுக்கம் ஏறத்தாழச் சமமாயிருக்கும். ஆகவே பெரும்பாலான சாளரங்களும் கதவுகளும் உள்ள அப்பகுதியிற் கசிவு குறைவு. அடியிலும் முடியிலுமே அது மிகுதி. மக்கள் சாளர ஓரங்களில் மெழுகும் பட்டியும் ஒட்டிக்கொண்டிருக்க, வெப்பமோ தலைக்கு மேலாற் சென்றுகொண்டிருந்தது.

கண்ணாடி நார்க் காவலியை இன்னும் தடிப்பாகப் பரப்பினால் ஆகாதோ எனின், ஆகாது. அந்நார் தன்னுள் இருக்கும் வளியை அசையாது நிறுத்த வல்லது. அமுக்கத்தால் தள்ளப்பட்டு வரும் வளியைத் தடுக்கவல்லதன்று. அதனூடு வளி வடிகட்டப்பட்டுச் செல்லும். இதற்கு நாரே சான்று பகரும். கூரைவெளியிலே காவலியைத் தூக்கிப் பார்ப்பின், துவாரத்துக்கு நேரே உள்ள இடங்களில் அது புழுதி படிந்து கறுத்திருக்கும். பல்லாண்டுகளாக அவ்வழியே சென்ற வளி விட்டுச்சென்ற சுவடு அது. மேற்கொண்ட எடுத்துக்காட்டில் உட்கூரைக் காவலியை இருமடங்காக்கினால், எட்டுப் பங்கு இழப்பில் ஒரு பங்குக்கும் குறைவானதே மிஞ்சும். இடைவெளியை அடைத்தால் ஆறு பங்கு மிஞ்சும். அதற்கு வேண்டியது சிறிது தகரமும் அடைக்கும் பசையும் அரைநாள் உழைப்புமே.

இவ்வகை அடைப்புகளோடு நிலவறைக் காவலி, சாளரங்களுக்கான உட்காப்பு முதலியவற்றையும் சேர்த்து, பிராங் சிண்டன் என்பார் ருவின் றிவர்ஸ் வீடொன்றின் வெப்பத் தேவையை மூன்றிலொன்றாகக் குறைத்துக் காட்டினார். சோக்கொலோ பதிப்பித்த நூலில் இக்குழுவின் ஆய்வுகள் 1978ஆம் ஆண்டு தொகுத்து வெளியிடப்பட்டன.

ஒரு வீட்டிற் கண்டதைப் பிற வீடுகளில் விரைந்து கண்டுபிடித்தற்குக் கருவிகள் வேண்டும். அவ்வகையில் இரு கருவிகள் உதவின; இரண்டும் சுவீடன் நாட்டோடு தொடர்புடையவை. முதலாவது வெப்பத்தைக் காட்சியாக்கும் கமரா. வில்லியம் ஹேர்ஷல் 1800ஆம் ஆண்டில் ஞாயிற்றொளியை அரியத்தாற் பிரித்து, செந்நிறத்துக்கு அப்பால் ஒளியற்ற இடத்தில் வைத்த வெப்பமானி ஏறக் கண்டார். செங்கீழ்க்கதிர் அங்ஙனம் அறியப்பட்டது. இக்கதிரைப் படமாக்கும் கருவியைச் சுவீடனின் ஆகா நிறுவனம் 1960களின் நடுப்பகுதியில் விற்பனைக்குக் கொணர்ந்தது. மின்கம்பிகளிற் சூடேறிய இணைப்புகளைக் கண்டறிதலே அதன் முதல் நோக்கம். அடுத்த பத்தாண்டில் அது கட்டடங்களின் பக்கம் திருப்பப்பட்டது.

இரண்டாவது கருவி இன்னும் எளியது. 1977ஆம் ஆண்டளவிற் சுவீடனிற் சாளரத்திலே பொருத்திய விசிறியொன்றால் வீட்டின் வளியை வெளியேற்றி, அதன் கசிவை அளந்தனர். பின்னர் அது வாசற்கதவின் நிலையிற் பொருத்தப்பட்டு விசிறிக் கதவு எனப் பெயர்பெற்றது. பிரின்ஸ்ரன் குழுவினரும் இதே கருவியை உருவாக்கினர். வீட்டின் உள்ளமுக்கத்தை வெளியமுக்கத்திலும் 50 பஸ்கால் குறைத்து வைத்திருக்க விசிறி எவ்வளவு வளியை வெளியேற்றவேண்டுமோ, அவ்வளவு வளி வெடிப்புகளால் உட்புகுகின்றது என்பது தெளிவு. 50 பஸ்கால் பெரிய அமுக்கமன்று. 5 மில்லிமீற்றர் உயர நீர்நிரல் தரும் அமுக்கமே. ஆயினும் விசிறி சுழலும்போது ஒவ்வொரு துவாரத்தாலும் குளிர்வளி சீறி நுழையும். அதனைக் கையால் உணரலாம், புகையால் அறியலாம். அவ்வளி பட்ட பரப்புகள் குளிர்வதால், கமராவிற் கரிய கீற்றுகளாக அவை தோன்றும். தனித்தனியே குறையுடைய இரு கருவிகளும் சேர்ந்தபோது, வீடு தன் நோயைத் தானே சொல்லலாயிற்று. கருவிகளோடு வீடுவீடாகச் சென்று, கண்ட கசிவை அன்றே அடைத்து வந்தவர்களை மனை வைத்தியர் எனப் பிரின்ஸ்ரன் குழுவினர் அழைத்தனர். ஹார்ஜி, தத், பேயா ஆகிய மூவரும் 1979இல் வெளியிட்ட கட்டுரையில், கண்ணுக்குப் புலனாகாத இவ்வழிகளே பேரிழப்புக்குக் காரணம் என்பதை வெப்பப் பொறியியலாளர் கூட்டத்தின் முன் வைத்தனர்.

இவ்வுண்மை அரசாங்கத்தின் காதில் எட்டுதல் எளிதாயிருக்கவில்லை. ஜனாதிபதி ஜிம்மி காட்டர் 1977ஆம் ஆண்டு பெப்ரவரியிற் கம்பளிச் சட்டை அணிந்து தொலைக்காட்சியிலே தோன்றி, வீட்டின் வெப்பநிலையைப் பகலில் 65 பாகை பரனைற்றாகவும் இரவில் 55 ஆகவும் தாழ்த்துமாறு மக்களை வேண்டினார். 1978ஆம் ஆண்டுச் சட்டமொன்று, காவலி முதலியவற்றுக்குச் செலவிட்ட முதல் 2,000 டொலரில் நூற்றுக்கு 15 வீதத்தை வருமானவரியிற் கழித்துக்கொள்ள இடமளித்தது. மக்கள் கடைகளிற் காவலி வாங்கிக் கூரைவெளியிற் பரப்பினர். நோக்கம் நன்று, ஆனால் துவாரத்தை அடையாது அதன்மேற் பஞ்சைப் பரப்பியவருக்கு எதிர்பார்த்த மிச்சம் கிடைக்கவில்லை. பொருளை வாங்கியதற்குப் பற்றுச்சீட்டு உண்டு. இடைவெளியைத் தேடி அடைத்த உழைப்புக்கு அங்ஙனம் காட்டத்தக்க சான்று ஏது? வரிச்சலுகை எண்ணத்தக்கதையே எண்ணியது. பொதுப்பணம் செலவிடப்படும் பல துறைகளிலும் நேர்வதே இது.

கனடாவில் வேறு வழி நாடப்பட்டது. சஸ்கச்சுவான் மாகாணத்தின் றெஜைனா நகரில் 1977இல் ஒரு மாதிரி மனை எழுந்தது. ஹரோல்ட் ஓர் முதலிய ஆராய்ச்சியாளர் அதற்குத் தடித்த காவலி இட்டதோடு அமையாது, பொலித்தீன் தாளால் வளி புகாத உறையொன்றையும் அமைத்தனர். கசிவைப் பின்னர்த் தேடுவதினும் முன்னரே இல்லாதாக்குதல் எளிது என்பது அவர்தம் துணிபு. கொடிய மாரியுடைய அந்நகரில் அவ்வீடு வழக்கமான உலை இன்றியே அமைந்தது. 1980களிற் கனடா வகுத்த ஆர்-2000 நியமம், 50 பஸ்கால் அமுக்க வேறுபாட்டில் மணிக்கு ஒன்றரைத் தடவைக்கு மேல் வீட்டின் வளி மாறலாகாது என விதித்தது. ஜேர்மனியின் டாம்ஸ்ரட் நகரில் வொல்வ்காங் பைஸ்ற் 1990களின் தொடக்கத்திற் கட்டுவித்த வீட்டிலிருந்து வளர்ந்த நியமம் இதனை 0.6 ஆகக் குறைத்தது.

இறுக்கிய வீட்டில் மூச்சு முட்டாதோ என்னும் ஐயம் நியாயமானதே. சமையல் ஆவியும் மனிதர் மூச்சும் உள்ளே தங்கினாற் பூஞ்சணம் படரும். புகைபோக்கியால் மேலேறவேண்டிய நச்சுப்புகை, போதிய வளி இன்மையால் அறைக்குள்ளே திரும்புதலும் உண்டு; அதனால் உயிரிழந்தோரும் உளர். எனவேதான் றெஜைனா மனையில் வெப்பமாற்றி பொருத்தப்பட்டது. வெளியேறும் பழைய வளியின் சூட்டை உட்புகும் புதுவளிக்கு அது ஊட்டும். வீட்டுக்கு வளி வேண்டாமென எவரும் கூறவில்லை. அவ்வளி நிலவறை மண்ணிலிருந்தும் சுவர்த்துளையிலிருந்தும் தற்செயலாக வராது, வேண்டிய அளவில் வேண்டிய வழியால் வருதல் வேண்டும் என்பதே கருத்து. கசிவை அடைக்கும் மனை வைத்தியர் உலையின் புகைபோக்கியையும் சோதியாது திரும்புதல் பெருந்தவறாகும்.

இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் புதுவீடுகளுக்கு அமுக்கச் சோதனையைப் புகுத்தின. ஐக்கிய அமெரிக்காவில் மாநிலங்கள் பின்பற்றும் மாதிரி விதிக்கோவையின் 2012ஆம் ஆண்டுப் பதிப்பு, விசிறிக் கதவுச் சோதனையைப் புதுவீடுகளுக்குக் கட்டாயமாக்கி, குளிர்ப் பகுதிகளுக்கு மணிக்கு மூன்று தடவை என்னும் எல்லையை வகுத்தது. ருவின் றிவர்ஸ் கூரைவெளியில் வெப்பமானி முரண்பட்டதற்கும் இவ்விதிக்கும் இடையே 35 ஆண்டுகள் கழிந்தன. இவ்விதிகள் புதிதாக எழும் வீடுகளையே பெரிதும் கட்டுப்படுத்துவன. அவற்றுக்கு முன் எழுந்த எண்ணிறந்த வீடுகளில், கையடக்கமான கமராக்கள் மலிந்த இந்நாளிலும், ஒருவர் விளக்கோடு கூரைவெளியுட் புகுந்து, நாரைத் தூக்கிக் கறுத்த இடம் தேடியே துவாரத்தைக் காணவேண்டியுள்ளது.